டாப்ளர் வந்த வழி

1842 மே மாதம் பிராகில் கிறிஸ்டியன் டாப்ளர் இரட்டை விண்மீன்களின் நிறம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்றார். விண்மீன் நிறத்துக்கு அவர் சொன்ன விளக்கம் தவறாகிப் போனது, விதி நிலைத்தது. 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பலோட், ஓடும் ரயிலில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி அதைச் சோதித்தே காட்டினார்.

1950களில் ஒசாகாவில் ஷிகெயோ சடோமுராவும் சகாக்களும் அதே விதியை அல்ட்ராசவுண்ட் அலைகளோடு உடலுக்குள் கொண்டுபோனார்கள். இதயம், கழுத்து, கால் தமனிகள் என்று சுற்றிவிட்டு, டாப்ளர் ஆசனவாய்க்கும் வந்தது. அங்கே தமனியைக் கண்டுபிடித்துக் கட்ட 1995இல் அதைப் பயன்படுத்தியவர் ஜப்பானியரான கசுமாசா மொரினாகா.

ரத்த மூலத்தில் சொட்டுவது பளிச்சென்ற சிவப்பு. அது தமனி ரத்தம். வரும் வழியை அடைத்தால் வீக்கம் வற்றும் என்பதே அவருடைய கணக்கு. அவரது கருவி ஒரு குழாய். பக்கவாட்டில் டாப்ளர் முனை, அருகிலேயே ஊசி நுழையச் சின்ன சன்னல். மருத்துவர் குழாயை மெல்லத் திருப்புவார். தமனி எதிர்ப்பட்டதும் ஒலிபெருக்கியில் துடிப்புக்குத் துடிப்பு 'உஷ்... உஷ்...' கேட்கும். அந்த இடத்தில் தையல் போட்டு முடிச்சிடுவார். மறுபடி காது கொடுப்பார். சத்தம் நின்றிருந்தால் அடுத்த தமனி. நிற்காவிட்டால் இன்னொரு தையல். வலி உணரும் தோலுக்கு மேலே, உள்பக்கமாகத் தைப்பதால், அறுத்தெடுக்கும் அறுவையைவிட வலி குறைவு. வலியே இருக்காது என்று விளம்பரம் செய்வது நோயாளிக்குச் செய்யும் துரோகம்: சிலருக்கு நாள்கணக்கில் மலம் முட்டுவது போன்ற அவதி இருக்கும்.

2012இல் நெதர்லாந்து மருத்துவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள். ஒரு சாராருக்கு டாப்ளர் கேட்டும், மறு சாராருக்குக் கேட்காமலும் தைத்தார்கள். இரு சாராருக்கும் தொல்லை குறைந்தது. டாப்ளரால் கூடுதல் பலன் தெரியவில்லை. தையல் இடத்தைக் காட்ட அது அவசியமில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தைத்த பின் ஓட்டம் நின்றதா, ரத்தம் மறுபடி கசியும்போது எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று சொல்ல விரலாலும் கண்ணாலும் ஆகாது. அங்கே அல்ட்ராசவுண்டுக்கு வேலை இருக்கிறது.

2016இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், ஓராண்டுக்குள் மூலம் திரும்பியவர்கள் டாப்ளர் தையலில் 30%, மூலத்தை இறுக்கும் ரப்பர் வளையத்தை ஒருமுறை போட்டதில் 49%. தையலுக்குச் செலவும் வலியும் அதிகம். வளையத்தை இன்னொரு முறை போட்டுக்கொள்ளலாம் என்றபோது அந்த இடைவெளியும் சுருங்கியது.