கீலர் ஊரின் கரை

ஓவன்ஸ் ஏரி 1926 வாக்கில் காலமானது. கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடா மலைத்தொடருக்கும் இன்யோ மலைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடந்த ஏரி அது. அதன் கிழக்குக் கரையில் இருந்த ஊர் கீலர். ஏரி போய் நூறு வருஷம் ஆகிறது, ஊர் மட்டும் இன்னும் இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 66 பேர். 2000இல் எடுத்த கணக்கிலும் அதே 66 பேர்தான். ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் 'ஏரியின் கிழக்குக் கரையில்' என்றுதான் தொடங்குகிறார்கள். நான் இரங்குவது அந்தக் கரைக்காக.

சியராவில் பெய்யும் பனி உருகி ஓவன்ஸ் ஆற்றில் இறங்கும். ஆறு தெற்கே ஓடி இந்த ஏரியில் முடியும். ஏரிக்கு வெளிப்போக்கு கிடையாது. வந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகப் போக, உப்பும் சோடாவும் தங்கிவிடும். அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்காது. ஆனால் ஒருவகை உப்பு ஈ கோடி கோடியாகப் பெருகியது. அதன் கூட்டுப்புழுக்களை அலை கொண்டுவந்து கரையோரம் வரப்பு கட்டினாற்போல் ஒதுக்கிவிடும். பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் அவற்றை வாரி வெயிலில் உலர்த்தி, கையால் கசக்கித் தோலைப் புடைத்தெடுத்து, உள்ளே இருக்கும் பருப்பைச் சேமித்து வைத்துச் சாப்பிட்டார்கள். கடல் தாண்டிப் பறக்கும் பறவைகளும் அதே ஈக்களைத் தின்றுதான் வழிப்பயணத்துக்குக் கொழுப்பேற்றிக்கொண்டன. மீன் இல்லாத உப்புத் தண்ணீர் என்பதால் அது பயனற்ற ஏரி என்று பின்னாளில் பேசியவர்கள் உண்டு. அந்தக் கரையில் பசியாறியவர்களை அவர்கள் கேட்கவில்லை. 1865 ஜனவரியில் வெள்ளைக் குடியேறிகள் ஏரிக்கரையில் இருந்த பையூட் முகாமைத் தாக்கினார்கள். தப்பிக்கத் தண்ணீருக்குள் ஓடியவர்களும் பிழைக்கவில்லை.

அதே காலத்தில்தான் கரைக்கு மேலே, இன்யோ மலை உச்சியில், செர்ரோ கோர்டோ என்ற இடத்தில் வெள்ளி கிடைத்தது. வெள்ளியும் ஈயமும் கலந்த கட்டிகளை மலையிலிருந்து இறக்கி, மணலில் கோவேறு கழுதை வண்டிகளில் ஏரியைச் சுற்றிக் கொண்டுபோக நாட்கணக்கில் ஆனது. 1872இல் 'பெஸ்ஸி பிரேடி' என்ற நீராவிப் படகை ஏரியில் விட்டார்கள். எதிர்க்கரைக்கு மூன்று மணி நேரம். படகு கொண்டுபோய்ச் சேர்த்த வேகத்துக்கு வண்டிகள் ஈடுகொடுக்கவில்லை. கட்டிகள் எதிர்க்கரையில் மலையாகக் குவிந்தன. அங்கே வேலை பார்த்தவர்கள் வெள்ளிக் கட்டிகளையே செங்கல்லாக அடுக்கிக் குடிசை கட்டிக்கொண்டார்கள்.

அதே 1872 மார்ச் 26 விடியற்காலையில் பள்ளத்தாக்கை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பக்கத்து லோன் பைன் ஊரில் 27 பேர் செத்தார்கள். தரை மேலெழும்பியதில் ஸ்வான்சீ என்ற ஊரின் படகுத்துறைக்குத் தண்ணீர் எட்டாமல் போனது. துறை தெற்கே நகர்ந்தது, அந்தத் துறையைச் சுற்றி ஊர் முளைத்தது. 1880இல் சுரங்கக் கம்பெனியின் முகவர் ஜூலியஸ் கீலர் அங்கே மனை பிரித்தார். 1883இல் குறுகிய பாதை ரயில் வந்தது. வெள்ளி குறைந்த பிறகும் ஏரித் தண்ணீரைப் பாத்தி கட்டிக் காய்ச்சிச் சோடா எடுக்கும் தொழில் ஊரைத் தாங்கியது. தண்ணீர் எட்டும் இடத்தில் பிறந்து, தண்ணீரை விற்றே பிழைத்த ஊர் அது.

அந்த வெள்ளியெல்லாம் எங்கே போனது? லாஸ் ஏஞ்சல்ஸுக்கு. 1870இல் அங்கே 5,728 பேர்தான். வெள்ளி ஏற்றி வந்த வண்டிகள் திரும்பும்போது அந்த ஊரின் பார்லியும் தீவனமும் ஒயினும் ஏற்றிக்கொண்டு போயின. அந்த வியாபாரத்தில்தான் அந்தச் சிற்றூர் நிமிர்ந்தது. 1900இல் அதன் மக்கள்தொகை 1,02,479. 1910இல் 3,19,198. பத்து வருஷத்தில் மூன்று மடங்கு. அத்தனை பேருக்குத் தாகம் வந்தபோது, தன்னை வளர்த்த ஏரியின் ஆற்றின் மீதே அந்த நகரம் கை வைத்தது. முன்னாள் மேயர் பிரெட் ஈட்டன் பள்ளத்தாக்கில் நிலங்களை வளைத்துப் போட்டார். பொறியாளர் வில்லியம் முல்ஹோலண்ட் ஏறக்குறைய 375 கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார். பம்பு ஒன்றுகூட இல்லாமல், இறக்கத்திலேயே தண்ணீரை நகரம் வரை ஓட விட்டார். அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை. 1913 நவம்பர் 5 அன்று கால்வாயைத் திறந்தார்கள். ஆற்றை மறித்த இடம் ஏரிக்கு மேலே. பதின்மூன்று வருஷத்தில் ஏரி முடிந்தது.

பனி யுகத்தில் நிரம்பி வழிந்து மரணப் பள்ளத்தாக்கு வரைக்கும் தண்ணீர் அனுப்பிய ஏரிக்குப் பதின்மூன்று வருஷம்தான் பிடித்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. மேல்பள்ளத்தாக்கின் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1924இல் மதகைக் கைப்பற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், கால்வாய்க்கு வெடியும் வைத்தார்கள். அவர்கள் கேட்டது வயலுக்கான தண்ணீர், நிலத்துக்கான நியாய விலை. ஏரிக்காகக் கேட்க ஆள் இல்லை. 1937இல் தண்ணீர் மிகுந்தபோது நகரம் உபரியை ஏரிக்குள் திறந்துவிட்டது. அதற்குள் காய்ந்த தரையில் கடை விரித்திருந்த சோடா கம்பெனி, தன் ஆலை மூழ்கிவிட்டது என்று வழக்குப் போட்டது. 1943இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஏரிக்குள் தண்ணீர் வந்தது குற்றமாகிவிட்டது. அது செத்துப்போனது சட்டப்படி உறுதியான நாள் என்று அதைத்தான் நான் குறிப்பேன்.

கரை போனதும் ஊர் மெல்லக் கலைந்தது. 1960இல் கடைசி ரயில் வந்துபோனது. மிச்சம் இருந்தவர்களுக்குப் புழுதி. காய்ந்த ஏரித் தரையில் உப்புப் பொருக்கு படியும். கோடையில் அது கெட்டியாக இருக்கும், காற்றுக்கு அசையாது. குளிர் வந்ததும் அடியிலிருந்து ஈரம் மேலேறும். சோடா உப்புகள் அந்த நீரை வாங்கிப் படிகமாகி உப்பும், பொருக்கு விண்டுபோகும். பிறகு வெயில் அடித்துப் படிகத்தின் ஈரம் போனதும் சலித்த மாவு போல ஒரு தூள் மிஞ்சும். அதன் மேல் வாடைக்காற்று இறங்கினால் எதிரே நிற்கும் 4,421 மீட்டர் விட்னி சிகரம்கூடத் தெரியாது. தூளில் ஆர்செனிக்கும் உண்டு. மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் நுண்துகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவிலேயே தனியொரு இடத்திலிருந்து மிக அதிகம் கிளம்பியது இந்த ஏரித் தரையிலிருந்துதான். கீலர்க்காரர்கள் ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தாலும் அந்தத் தூள் வீட்டுக்குள் வரும்.

1987இல் நுண்துகளுக்குத் தேசிய வரம்பு வந்த பிறகுதான் நகரத்தை மடக்கிப் பிடிக்க ஒரு பிடி கிடைத்தது. 1998இல் உடன்பாடு எட்டப்பட்டது, 2001இல் ஏரித் தரையில் மறுபடி தண்ணீர் விட்டார்கள். ஏரியாக அல்ல. பாத்தி பாத்தியாகப் பிரித்து, குழாய் பதித்து, தரை நனையும் அளவுக்கு மட்டும். சில இடத்தில் உப்புப் புல், சில இடத்தில் ஜல்லி. 200 கோடி டாலருக்கு மேல் செலவாகிவிட்டது. புழுதி பெருமளவு அடங்கியது, நனைந்த பாத்திகளில் ஈக்கள் வந்தன, ஈக்களைத் தேடிப் பறவைகள் வந்தன. இதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சட்டம் கேட்டது தூசு எழக்கூடாது என்பதை மட்டும்தான், ஏரி வேண்டும் என்று எந்த உத்தரவும் சொல்லவில்லை. 2006 டிசம்பரில் கீழ் ஓவன்ஸ் ஆற்றில் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குத் தண்ணீர் திரும்ப ஓடியது. அந்த ஆறு ஏரியை எட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு பம்பு நிலையம் இருக்கிறது. அங்கே தண்ணீரில் பெரும்பகுதியை இறைத்துத் திரும்பவும் நகரத்துக் கால்வாய்க்கே அனுப்பிவிடுகிறார்கள்.

இரங்கல் செய்தியில் மறைந்தவரின் வாரிசுகளைச் சொல்வது வழக்கம். நகரத்தை நான் வாரிசாக எழுத மாட்டேன், அது சொத்தை முன்பே எடுத்துக்கொண்டது. கீலரில் மிஞ்சியிருப்பவர்களை எழுதுவேன். பிறகு, பட்சியாட்டா என்று இன்றும் அந்த ஏரியைப் பேர் சொல்லி அழைக்கும் பையூட், ஷோஷோனி மக்களை எழுதுவேன். 1939இல் அவர்களின் நிலத்தை நகரத்து நிலத்தோடு மாற்றிக்கொண்ட ஒப்பந்தத்தில் தண்ணீர் உரிமை தீர்க்கப்படாமலே விடப்பட்டது. அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை, அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.