காளிகாட்டுத் தெருவின் அடியில்

காளிகாட் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிப் படியேறிக் காளி கோயிலுக்குச் செல்லும் நம்மவர் பலர். காலடியில் எத்தனை குழாய்களும் கம்பிகளும் கிடக்கின்றன என்று அவர்கள் எண்ணுவதில்லை. அவற்றை யார், எவருடைய அநுமதியின் பேரில் புதைத்தனர் என்பது தனியொரு வரலாறு.

கல்கத்தாத் தெருக்களில் 1857-இல் காஸ் விளக்குகள் எரியத் தொடங்கின. 1859-இல் பாதாளச் சாக்கடை வேலை ஆரம்பமாயிற்று. 1870-இல் பல்தாவிலிருந்து வடிகட்டிய குடிநீர் குழாய்வழி வந்தது. அதன் பின்னரே மின்சாரம் மண்ணுக்குள் இடம் கேட்டு நின்றது. வங்காளத்தில் 1895-இல் கல்கத்தா மின்விளக்குச் சட்டம் பிறந்தது. 1897 ஜனவரி 7 அன்று கில்பர்ன் கம்பெனியார், இந்தியன் எலக்ட்ரிக் கம்பெனியின் முகவராக, 5.64 சதுர மைல் பரப்புக்கு 21 ஆண்டு உரிமம் பெற்றனர். அக்கம்பெனியே பின்னர்க் கல்கத்தா எலக்ட்ரிக் ஸப்ளை கார்ப்பொரேஷன் எனப் பெயர் மாறி, 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் மின் நிலையம் தொடங்கிற்று. 1902-இல் மின்சார டிராம் காளிகாட்டுக்கே வந்துவிட்டது.

உரிமம் வேறு, அநுமதி வேறு. மொழிபெயர்ப்பவர் மேஜையில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் ஆசை எழுவதுண்டு, சட்டம் இடங்கொடாது. 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் உரிமம் பெற்றவருக்குத் தெருவைத் தோண்டும் அதிகாரம் தந்தது. ஆயினும் புதுவேலை தொடங்குமுன், தெருவைப் பராமரிப்பவருக்கு வரைபடத்துடன் எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும் என்றும், தோண்டியதைத் தாமதமின்றிச் சீராக்க வேண்டும் என்றும் விதித்தது. தந்திக் கம்பிக்கோ 1885-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். நகராட்சிக்குரிய நிலமாயின் அதன் அநுமதி தேவை. இவ்வாறு ஒரே தெருவின் கீழ் பலர் குடியேறினர்; ஒவ்வொருவருக்கும் சட்டமும் தனி, வரைபடமும் தனி.

இதன் விலை சுரங்க ரயில் வந்தபோது தெரிந்தது. 1972 டிசம்பர் 29 அன்று அடிக்கல் நாட்டப்பெற்றது. பெரும்பகுதி வழியில், தெருவை மேலிருந்தே பிளந்து, பெட்டி போன்ற கட்டடம் எழுப்பி, மீண்டும் மூடுவதே முறை. ஆகவே வழியில் கிடந்தவை அனைத்தும் இடம்பெயர வேண்டியிருந்தன. மின்கம்பியை வளைத்துவிடலாம், சரிவை நம்பி ஓடும் சாக்கடையை அவ்வாறு வளைக்க இயலுமோ? நகரம் நீரும் விளக்கும் இன்றி ஒரு நாளும் இராது. எனவே புதிய வழி அமைத்த பின்னரே பழையதை அகற்ற வேண்டும். நிதிக் குறைவு, நீதிமன்றத் தடை, பொருள் தட்டுப்பாடு ஆகியவற்றோடு இவ்விடமாற்றமும் தாமதத்துக்குக் காரணமாயிற்று. வேலைக்கு வேண்டிய அதிகாரங்களை வகுக்க 1978-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

காகிதமே வேலையைக் கெடுத்தது என்பார் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் கண், அநுமதி கேட்டபோது கொடுத்த அந்த வரைபடம் ஒன்றே. அது இல்லாத இடத்தில் மண்வெட்டிதான் கண்டுபிடிக்க வேண்டும்.

1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை முதல் ரயில் ஓடியது. காளிகாட்டைக் கடந்து டாலிகஞ்ச் சேர 1986 ஏப்ரல் வரையிலும், டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுப்பாதையும் நிறைவுற 1995 செப்டம்பர் வரையிலும் காத்திருக்க நேர்ந்தது.