துங் வாவில் இரண்டு வைத்தியம்

ஹாங்காங்கில் சீனர்கள் தமக்கென்று நடத்திய முதல் பெரிய மருத்துவமனை சூதாட்டக் காசில் எழுந்தது. 1867-இல் ஆளுநர் ரிச்சர்ட் மெக்டொனல் சூதாட்ட விடுதிகளுக்கு உரிமம் கொடுத்துக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார். லண்டன் முகம் சுளித்தது. அந்தப் பணத்தைப் பொது வருவாயோடு கலக்காதே என்றது. கஜானாவில் தீட்டுப்பட்டுத் தனியே கிடந்த அந்தத் தொகையிலிருந்து 1,15,000 டாலரை எடுத்து, போ யான் தெருவில் ஒரு மனையையும் சேர்த்துச் சீன வணிகர்கள் கையில் கொடுத்தார் மெக்டொனல். அதுதான் துங் வா மருத்துவமனை. பாவக்காசைக் கரைக்கும் இடம் மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் வேலை பார்க்கும் கப்பல் சரக்கு அலுவலகம் ஷுங் வானில் இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹாலிவுட் ரோட்டில் ஏறி, மான் மோ கோயிலைத் தாண்டிப் போ யான் தெருவரை ஒரு நடை போவேன். கீழே கோ ஷிங் தெருவில் வேர், பட்டை, உலர்ந்த பூ, பூச்சி என்று மூட்டை மூட்டையாக மூலிகை மொத்த வியாபாரம். மேலே ஸ்கேனும் சலைனுமாக மருத்துவமனை. இந்த இரண்டும் எப்படி ஒன்று சேர்ந்தன என்று கேட்டால் பலரும் யின், யாங், சமநிலை, முழுமை என்று தத்துவத்தில் இறங்கிவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் பிடிப்பில்லை. இந்தத் தெருவில் சீன வைத்தியத்தையும் ஆங்கில வைத்தியத்தையும் ஒரே கூரைக்குக் கீழே தள்ளியவை பிணமும் கொள்ளைநோயும் இறப்புப் பதிவேடும்தான்.

பக்கத்திலேயே, தை பிங் ஷான் தெருவில், குவாங் ஃபுக் என்ற சிறு கோயில் இன்றும் இருக்கிறது. பிழைக்க வந்த இடத்தில் யாருமற்றுச் செத்தவர்களின் பெயர்ப் பலகைகளை வைத்துக் கும்பிடுவதற்காக 1850களில் எழுந்தது. நாளடைவில் செத்தவர்களோடு சாகப்போகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். தன் கூரைக்குக் கீழே ஒரு சாவு விழுவதை எந்த வீட்டுக்காரர் விரும்புவார்? கூலிக்காரன் இழுத்துக்கொண்டு கிடந்தால் தூக்கிவந்து கோயிலில் போட்டுவிடுவார்கள். 1869-இல் ஆல்ஃப்ரெட் லிஸ்டர் என்ற அரசு அதிகாரி உள்ளே போய்ப் பார்த்தபோது பிணமும் உயிரும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஆங்கிலப் பத்திரிகைகள் கொதித்தன.

அரசு மருத்துவமனை அப்போதும் இருந்தது. சீனர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அங்கே கத்தி வைப்பார்கள். செத்தால் அறுத்துப் பார்ப்பார்கள். பெற்றோர் தந்த உடலைக் குறையில்லாமல் மூதாதையரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நம்பியவர்களுக்குப் பிரேதப் பரிசோதனை சாவைவிடப் பெரிய பயம். ஆக, மெக்டொனல் கண்ட வழி: சீனர்களுக்குச் சீன வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை, நிர்வாகமும் சீனர்களிடமே. 1870-இல் சட்டம், 1872 பிப்ரவரி 14 அன்று திறப்பு.

அதை நடத்தியவர்கள் வைத்தியர்கள் அல்லர், பணக்காரர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு இடைத்தரகர்களான துபாஷ்கள், நாம் பாக் ஹாங் என்ற இறக்குமதி-ஏற்றுமதி வணிகர்கள், அரிசி, அபின், அடகுக்கடைச் சங்கத்தார். திறப்பு விழாவுக்கு இவர்கள் சீன அரசு அதிகாரிகளின் பட்டாடையில் வந்து நின்றார்கள். கூடத்தில் மூலிகைகளைத் தானே தின்று சோதித்ததாகக் கதை சொல்லப்படும் ஷென்னோங் தெய்வத்துக்கு வழிபாடு. ஏழைகளுக்கு நாடி பார்ப்பதும் கஷாயமும் இலவசம், அறுவை கிடையாது. செத்தால் சவப்பெட்டி. கலிஃபோர்னியாவில் செத்த சீனத் தொழிலாளியின் எலும்பைக்கூட ஊருக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பைத் துங் வா ஏற்றுக்கொண்டது. மருத்துவமனை என்ற பெயரில் ஒரு பஞ்சாயத்து என்றே சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் துங் வா தொடக்கத்திலிருந்தே வெள்ளைக்கார வைத்தியத்தைக் கையில் எடுத்திருந்தது. அது அம்மை குத்துதல். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1805-இல் மணிலாவிலிருந்து மக்காவ் நகருக்கு அம்மைப்பால் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் அலெக்சாண்டர் பியர்சன் அதைக் குத்தப் பழக்கியவர்களில் ச்சியு ஷி என்ற சீனரும் ஒருவர். அவர் செய்த காரியம் நுட்பமானது. குழந்தை தாய் வயிற்றிலிருந்தே ஒரு விஷத்தைக் கொண்டுவருகிறது, அது வெளியேறும்போதுதான் அம்மை போடுகிறது என்பது சீன வைத்தியத்தின் பழைய கருத்து. அந்த விஷத்தை வெளியே இழுக்கும் வாசல்தான் இந்தக் குத்து என்று அவர் எழுதினார். குத்தும் இடத்தைக்கூட மேற்கையில் உள்ள அக்குபங்சர் புள்ளிகளாகக் குறித்துக் காட்டினார். அம்மை குத்துதலைக் கண்டறிந்த ஜென்னருக்கு அந்தப் புள்ளிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. விளக்கம் தவறு, ஊசி சரி. தாய்மார்கள் கையை நீட்டினார்கள். அதே வழியில் துங் வாவின் அம்மை குத்துபவர்கள் கிராமங்களுக்கும் போய் இலவசமாகக் குத்தினார்கள். இரண்டு வைத்தியமும் கலந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆள்தான்.

22 ஆண்டுகள் இப்படியே ஓடின. 1894 மே மாதம் பிளேக் வந்தது. மே 10 அன்று அரசு மருத்துவர் ஜேம்ஸ் லோசன் துங் வாவுக்குள் நுழைந்து, நெறிகட்டிக் காய்ச்சலோடு கிடந்த சுமார் 20 பேரைக் கண்டார். அன்றே துறைமுகம் நோய்த்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. நோயாளிகளை ஹைஜியா என்ற மிதக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஷ்ராப்ஷயர் படைப்பிரிவின் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். சாமான்களை வெளியே போட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெண்கள் அறைக்குள் அந்நியச் சிப்பாய். கப்பலுக்குப் போனவன் திரும்புவதில்லை, குழந்தைகளின் கண்ணைப் பிடுங்கி வெள்ளைக்காரன் மருந்து செய்கிறான் என்று வதந்தி பறந்தது. பத்தாயிரக்கணக்கில் மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். துங் வாவின் இயக்குநர்களுக்கு இரண்டு பக்கமும் அடி: தடை போடுகிறார்கள் என்று அரசுக்குக் கோபம், அரசுக்குத் துணைபோகிறார்கள் என்று சொந்த ஜனங்களுக்குக் கோபம். கடைசியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையைப் பிளேக் மருத்துவமனையாக்கிச் சீன வைத்தியர்களிடம் விட்டார்கள்.

அந்த ஆண்டு ஹாங்காங்கில் 2,500 பேருக்கு மேல் செத்தார்கள். கிருமியைக் கண்டது அதே ஜூனில், அதே ஊரில்: ஜப்பானிலிருந்து கிட்டசாட்டோவும் பிரெஞ்சு இந்தோசீனாவிலிருந்து யெர்சினும் வந்து போட்டி போட்டுக்கொண்டு கண்டார்கள். காரணம் தெரிந்ததே தவிர மருந்து யாரிடமும் இல்லை. பிளேக் நோயாளி கப்பலில் கிடந்தாலும் கண்ணாடித் தொழிற்சாலையில் கிடந்தாலும் பெரும்பாலும் செத்தே போனார். இதைச் சொல்லாமல் 1894-ஐ அறிவியல் மூடநம்பிக்கையை வென்ற கதையாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நோய் பரவிய தை பிங் ஷான் குடியிருப்பை அரசு கையகப்படுத்தி இடித்துத் தள்ளியது. அந்த நிலத்தில் இப்போது பிளேக் கார்டன் என்று ஒரு பூங்கா. இந்தப் பிளேக் நோயின் பெயரல்ல, பின்னால் வந்த ஓர் ஆளுநரின் பெயர். தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க முடியவில்லை.

1896-இல் துங் வாவை என்ன செய்வது என்று ஆராய ஒரு குழு அமர்ந்தது. வங்கிக்காரர் வைட்ஹெட் கடுமையாக எதிர்த்துப் பேசினார். குழுவில் ஹோ காய் இருந்தார். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மருத்துவப் பட்டம் பெற்று வந்த சீனர் அவர். மருத்துவம் பார்க்க உட்கார்ந்தபோது இலவசமென்றால் ஒழியச் சீனர்கள் ஆங்கில மருந்துக்கு வரமாட்டார்கள் என்று கண்டு, வழக்கறிஞர் தொழிலுக்கே போய்விட்டார். இறந்த ஆங்கிலேய மனைவி ஆலிஸின் பெயரில் 1887-இல் ஒரு மருத்துவமனை அமையவும் உதவினார். அதையொட்டித் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் படித்து 1892-இல் தேறியவர்தான் பின்னாளில் சீனப் புரட்சித் தலைவரான சுன் யாட்-சென். அவர் நேரே மக்காவ் நகருக்குப் போய், சீன வைத்தியம் மட்டுமே பார்த்துவந்த கியாங் வூ மருத்துவமனையில் ஆங்கில வைத்தியம் பார்த்தார். பிறகு ‘சீன-மேலை மருந்தகம்’ என்ற பெயரில் கடை வைத்தார். புரட்சி கைகூடாமல் போயிருந்தால் நல்ல மருந்துக்கடைக்காரராக வாழ்ந்திருப்பார்.

குழு துங் வாவை மூடச் சொல்லவில்லை. ஆங்கில மருத்துவம் படித்த சீனர் ஒருவரை உள்ளே வை என்றது. தியன்சினில் பயின்ற சுங் கிங்-யூ வந்தார். அவரை அரசு வைத்தது முதன்மையாக நோய் தீர்ப்பதற்காக என்று நான் நினைக்கவில்லை. சீன வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த சாவுக் காரணங்கள் அரசின் பதிவேட்டில் எந்தக் கட்டத்திலும் பொருந்தவில்லை. உள்ளே இருந்துகொண்டு இது பிளேக், இது பெரிபெரி, இது காலரா என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆனால் உள்ளே வந்த மனிதர் சும்மா இருப்பாரா? காயத்துக்குக் கட்டுப் போட்டார், அறுவை செய்தார். உள்ளே சேரும் நோயாளியிடம் கேட்டார்கள்: எந்த வைத்தியம் வேண்டும்? சீன வைத்தியம் என்றவர்களே தொடக்கத்தில் அதிகம். ஆண்டுகள் போகப் போக, முதலில் அடிபட்டவர்களும் பிறகு மற்றவர்களும் ஆங்கில வைத்தியத்தின் பக்கம் சாய்ந்தார்கள். சிப்பாயை விட்டுச் சாதிக்க முடியாததை ஒரு கேள்வி சாதித்தது.

அதற்குப் பிறகு நடந்தவை விறுவிறுப்பில்லாதவை. 1911-இல் கவுலூனில் குவாங் வா, 1929-இல் துங் வா கிழக்கு என்று கிளைகள். ஜப்பானியர் பிடித்த போர்க்காலத்தோடு படுக்கைப் பிரிவில் சீன வைத்தியம் நின்றது. வெளிநோயாளிகளுக்கு மட்டும் இலவசமாகத் தொடர்ந்தது. ஊரில் சீன வைத்தியர்களை ஆங்கிலேய அரசு தடுக்கவும் இல்லை, மதிக்கவும் இல்லை. வியாபாரி கணக்கில் விட்டுவைத்தது. 1989-இல் லோங்டான்சாவ் என்ற வேருக்குப் பதிலாகக் குவெய்ஜியு என்ற நச்சு வேர் கஷாயத்தில் கலந்து இரண்டு பெண்கள் பாதிக்கப்பட்ட பிறகே அரசு விழித்தது. குழு, அறிக்கை, சீனாவிடம் ஆட்சி மாற்றம், 1999-இல் சீன மருத்துவச் சட்டம், பதிவு.

மக்கள் எதற்கும் காத்திருக்கவில்லை. எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் அம்மாவுக்கு இரத்த அழுத்தம். காலையில் அரசு கிளினிக் மாத்திரை, மாலையில் தெருமுனை வைத்தியரின் கஷாயம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட வேண்டும் என்பார். இந்த ஊரில் அநேகமாக எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டும் வயிற்றுக்குள் சந்தித்துச் சண்டை போட்டுவிடக் கூடாதாம். மரியாதையான ஏற்பாடுதான், ஆனால் சண்டை வயிற்றில் நடப்பதில்லை. டான்ஷென் என்ற சிவப்பு வேர் இதயத்துக்கு நல்லதென்று காலங்காலமாகக் கொடுப்பது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டுவந்தவர்கள் அதையும் சேர்த்துக் குடித்தபோது, இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போனதை 1990களில் ஹாங்காங் மருத்துவர்களே பதிவு செய்தார்கள். இரண்டு மணி நேரமல்ல, இருபது மணி நேரம் விட்டாலும் வார்ஃபரின் உடம்பில் இருக்கும். ஆங்கில டாக்டரிடம் கஷாயத்தைச் சொன்னால் திட்டுவார் என்று மறைப்பதும், சீன வைத்தியரிடம் மாத்திரையைச் சொன்னால் நம்பிக்கையில்லை என்று நினைப்பார் என்று மறைப்பதும் ஆபத்தின் பெரும்பங்கு என்பது என் எண்ணம். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “டாக்டருக்கு ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம் சார், அதில் எந்த வேரைச் சொல்ல?” என்றார்.

2014-இல் மருத்துவமனை ஆணையம் சில இடங்களில் இரண்டு வைத்தியத்தையும் சேர்த்துப் பார்க்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பக்கவாதத்துக்குத் துங் வாவையே எடுத்துக்கொண்டார்கள். பக்கவாதம் வந்து நிலைமை தேறிய நோயாளி சம்மதித்தால் சீன வைத்தியர் வார்டுக்கு வந்து நாடி பார்க்கிறார், ஊசி குத்துகிறார், மருந்து எழுதுகிறார். அவர் என்ன கொடுக்கிறார் என்று ஆங்கில மருத்துவருக்குத் தெரியும். இவர் என்ன கொடுக்கிறார் என்று அவருக்கும் தெரியும். ஊசியால் கை எவ்வளவு எழும்புகிறது என்பதைப் பற்றி ஆய்வாளர்கள் நெடுநாள் வாதாடுவார்கள், வாதாடட்டும். அந்த வார்டில் எந்த வேரைச் சொல்வது என்று நோயாளி திண்டாட வேண்டியதில்லை. சுங் கிங்-யூ காலத்தில் நோயாளி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அந்தப் பிரிவுக்குப் போனார், இரண்டு வைத்தியர்களும் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இப்போது பேசித்தான் ஆக வேண்டும்.