தெற்கோட 90 லட்சம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) பத்திப் பேச்சு வந்தா, 'வடக்கு ஜெயிச்சதுல என்ன அதிசயம்?'னு கேட்கிறவங்க உண்டு. கணக்கும் அப்படித்தான் சொல்லுது. வடக்கே சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர், தெற்கே 90 லட்சம். ரயில் பாதை வடக்கே 22,000 மைல், தெற்கே 9,000. ஆலைகள் பக்கம் போகவே வேணாம்.

ஆனா ரெண்டு பேருக்கும் இலக்கு ஒண்ணு இல்லீங்க. வடக்கு அவ்வளவு பெரிய நிலப்பரப்பைப் பிடிச்சாகணும். தெற்குக்கு, எதிராளி அலுத்துப்போற வரை தாக்குப்பிடிச்சாப் போதும். 1864 ஆகஸ்டில், தேர்தல்ல தோத்துடுவோம்னுதான் லிங்கனே நினைச்சார். செப்டம்பரில் அட்லாண்டா விழுந்துதோ, பிழைச்சார். பருத்திக்காக பிரிட்டன் உதவிக்கு ஓடிவரும்னு தெற்கு போட்ட கணக்கு வேற! பிரிட்டன் இந்தியப் பருத்தியும் எகிப்துப் பருத்தியும் வாங்கிக்கிச்சு. (பம்பாய் வியாபாரிகளுக்கு அடிச்சது யோகம் :-))

எனக்கு உறுத்துறது அந்த 90 லட்சம்தான். அதுல சுமார் 35 லட்சம் பேர் அடிமைகள். வயலை அவங்க பார்த்துக்கிட்டதாலதான் அத்தனை வெள்ளைக்காரங்க துப்பாக்கி தூக்க முடிஞ்சது. ஆனா வடக்குப் படை நெருங்க நெருங்க, அவங்க தோட்டத்தை விட்டு அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சாங்க. வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் சுமார் 1,80,000 பேர். பெரும்பாலோர் அடிமையா இருந்தவங்க. இங்கே கழிச்சு அங்கே கூட்டணும்! 1861ல் இவங்க வந்து நின்னப்போ வடக்கு வேணாம்னு திருப்பி அனுப்புச்சு, அதையும் சொல்லிடணும். தெற்கோ 1865 மார்ச்சில்தான் கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கச் சட்டம் போட்டுச்சு. அடுத்த மாசமே லீ சரணடைஞ்சுட்டார்.