எல்லா உடலுக்கும் மேடை

1970 வரை பிரிட்டனில் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலருக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. ‘கற்பிக்க இயலாதவர்கள்’ என்று முத்திரை குத்தி, பயிற்சி மையங்களுக்கோ மருத்துவமனை விடுதிகளுக்கோ அனுப்பிவிடுவார்கள். சட்டம் அப்படி இருந்தபோதே, 1968-ல், லண்டனின் புகழ்பெற்ற சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அறிவுசார் மாற்றுத்திறனாளி இளைஞர்கள் தொழில்முறைக் கலைஞர்களோடு சேர்ந்து ஆடினார்கள். நிகழ்ச்சியின் பெயர் ‘டுவர்ட்ஸ் த லைட்’. இசை, நார்வே நாட்டவரான எட்வர்ட் கிரீகினுடையது.

அதை வடிவமைத்தவர் ஹில்டே ஹோல்கர். 1905-ல் வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். கெர்ட்ரூட் போடன்வீசரிடம் நவீன நடனம் பயின்று, இளம் வயதிலேயே சொந்தப் பள்ளி நடத்தியவர். 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்துக்கொண்டதும் யூதர்களுக்கு மேடைக் கதவு அடைபட்டது. மறு ஆண்டு பம்பாய்க்குத் தப்பி வந்தார். அங்கே பார்சி மருத்துவர் ஒருவரை மணந்தார், நடனப் பள்ளியும் தொடங்கினார். வியன்னாவில் தங்கிவிட்ட தாயும் சகோதரியும் நாஜிகளின் கொலைவெறிக்குப் பலியானார்கள்.

1948-ல் லண்டனில் குடியேறினார். அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். மகனை ஒதுக்கி வைக்க ஹோல்கருக்கு மனம் வரவில்லை. தனக்குத் தெரிந்த கலையைக் கொண்டே அவனை வளர்த்தார். அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். சாட்லர்ஸ் வெல்ஸ் மேடை வரை போன முயற்சி இப்படித்தான் முளைத்தது.

ஹோல்கரின் மாணவர் வுல்ஃப்காங் ஸ்டாங்கே இதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றார். லண்டனுக்குத் தெற்கே கேட்டர்ஹாம் ஊரின் மருத்துவமனை விடுதியில் வாழ்ந்தவர்களுக்கு நடனம் கற்பித்தவர் அவர். 1980-ல் ‘அமிசி’ குழுவைத் தொடங்கினார். பார்வையற்றவர், சக்கர நாற்காலியில் வருபவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், எந்தக் குறையும் இல்லாதவர் என எல்லோருக்கும் அதில் ஒரே ஒத்திகை, ஒரே மேடை. ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் வாழ்வையே ஒரு முழுநீளப் படைப்பாக்கினார்கள்.

இத்தகைய வகுப்புகளில் ஆசிரியர் முன்னே நின்று ஆட, பின்னே எல்லோரும் அப்படியே ஆடுவது அரிது. இருவர் எதிரெதிரே அமர்வார்கள். ஒருவர் கையை மெல்ல உயர்த்த, மற்றவர் கண்ணாடிப் பிம்பமாகத் தொடர்வார். பிறகு முறை மாறும். பார்வையற்றவர் இணையின் உள்ளங்கையில் தன் உள்ளங்கையைப் பதித்து அசைவை அறிந்துகொள்வார். எழுந்து நிற்க முடியாதவர் நாற்காலியிலிருந்தபடியே தோளாலும் விரலாலும் ஆடுவார். ஒவ்வொருவரின் உடலுக்கும் எது இயல்போ, அதிலிருந்தே நடனம் பிறக்கிறது.

அதே காலத்தில் வேறு கதவுகளும் திறந்தன. அமெரிக்காவில் லிஸ் லெர்மன் 1970-களிலேயே வாஷிங்டன் முதியோர் இல்லமொன்றில் வகுப்பெடுத்து, அங்கிருந்தவர்களை மேடைக்கு அழைத்து வந்தார். 1989-ல் சாட்லர்ஸ் வெல்ஸ், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கென்றே ‘கம்பெனி ஆஃப் எல்டர்ஸ்’ குழுவை உருவாக்கியது. 1973-ல் மேடையில் விழுந்து முதுகுத்தண்டு முறிந்த நடனக் கலைஞர் செலஸ்ட் டான்டெக்கர், 1990-ல் ஒரு படத்துக்காகச் சக்கர நாற்காலியிலிருந்தபடி ஆடினார். மறு ஆண்டே ஆடம் பெஞ்சமினுடன் சேர்ந்து ‘கேண்டோகோ’ குழுவைத் தொடங்கினார்.

ஸ்டாங்கேயின் பாதை இலங்கைக்கும் நீண்டது. மாற்றுத்திறனாளி இளைஞர்களையும் போரில் ஊனமுற்ற படைவீரர்களையும் ஒரே குழுவாகச் சேர்த்து அங்கே மேடையேற்றினார். அந்த உழைப்பின் தொடர்ச்சியாகவே 2000-த்தில் கொழும்பில் சுனேத்ரா பண்டாரநாயக்கவின் முயற்சியில் சுனேரா அறக்கட்டளை உருவானது. மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு நடனமும் நாடகமும் கற்பிப்பது அதன் முதன்மைப் பணி.