கரைக்கு உரியவர் யார்?

நான் தலைமையாசிரியராய் இருந்த நாளில், ஒருமுறை நாற்பது மாணவர்களை அயலூர் ஏரிக்கரைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அதில் இருமடங்கு. என் கையிலிருந்த பணம் பாதிப் பேருக்கே போதும். வாயிலில் தயங்கி நின்றபோது ஒரு சிறுவன், "ஐயா, இந்த ஏரிக்குத் தண்ணீர் நம் ஊர் வாய்க்கால் வழியாகத்தானே வருகிறது?" என்று கேட்டான். விடை கூற இயலாமல் எல்லாரையும் திருப்பி அழைத்து வந்தேன்.

அவ்வினாவுக்குரிய விடையைப் பின்னாளில் அமெரிக்க நாட்டு வரலாற்றில் கண்டேன்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் அட்லாண்டிக் மாகடலோரம் ஏவன் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் அண்டை ஊர் நெப்டியூன் நகர். கடல் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய அவ்வூருக்குக் கடற்கரை இல்லை என்பது ஒரு விந்தை! 1970-ஆம் ஆண்டில் ஏவன் நகரசபை ஒரு விதியை இயற்றியது. பருவம் முழுமைக்குமான கடற்கரை அனுமதிச் சீட்டு உள்ளூராருக்கும் அங்கு வரி செலுத்துவோருக்கும் மட்டுமே. ஏனையோர் மிகுந்த செலவில் மாதச் சீட்டோ நாள் சீட்டோ வாங்க வேண்டும். நெப்டியூன் நகர் வழக்குத் தொடுத்தது.

ஏவன் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கரையைத் துப்புரவு செய்யவும், நீராடுவோரைக் காக்கவும் பணம் வேண்டுமன்றோ? கீழ் நீதிமன்றம் அதனை ஏற்றது. ஆயினும் 1972-இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நியாயமான கட்டணம் வாங்கலாம். ஆனால் உள்ளூரார், வெளியூரார் என்ற வேற்றுமை கூடாது என்று அது விதித்தது.

இதற்கு அடிப்படை யாது? கி.பி. 533-இல் ரோமப் பேரரசர் ஜஸ்டீனியன் வெளியிட்ட சட்டநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் யாவர்க்கும் பொது என்று வகுத்தது. அக்கருத்து நெடுந்தொலைவு பயணம் செய்தது. 1869-இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம், சிகாகோ நகரத்தை ஒட்டிய மிச்சிகன் ஏரியின் நீரடி நிலத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஓர் இரயில்வே கம்பெனிக்கு வழங்கியது. 1873-இல் அதனைத் திரும்பப் பெற்றது. கம்பெனி வழக்காடியது. அந்நிலத்தை மக்களுக்காகக் காக்கும் பொறுப்பே அரசுக்கு உண்டு. அதனைக் கைகழுவிவிடும் உரிமை அதற்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892-இல் தீர்ப்பளித்தது.

இது நமக்குப் புதிய கருத்தன்று. கோயில் நிலத்தைக் காக்கும் தருமகர்த்தா அதற்கு உடையவர் ஆவாரா? ஆகார். கரையைப் பொறுத்தவரை அரசும் நகரசபையும் அத்தகைய தருமகர்த்தாக்களே.

நம் பாரத நாட்டிலும் 1991-இல் வெளிவந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் கட்டடங்களுக்கும் தொழில்களுக்கும் வரம்பு கட்டியது. 1996-இல் இமாசலப் பிரதேசத்துப் பியாஸ் ஆற்றங்கரை நிலம் ஒரு விடுதிக்குக் குத்தகைக்கு விடப்பட்டது பற்றிய வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் அந்தச் சிகாகோ தீர்ப்பை எடுத்துக்காட்டி, இக்கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அறிவித்தது. குத்தகையும் இரத்தாயிற்று.

கட்டணம் வாங்குவது குற்றமன்று. பராமரிப்புக்கு வேண்டிய பொருளைப் பயன்படுத்துவோரிடம் பெறுவது முறையே. கரை எமதென்று எண்ணி, அயலாரை ஒதுக்குவதற்கென்றே கட்டணம் விதிப்பதுதான் பிழை. அந்த எண்ணம் வேரூன்றிய இடத்தில், இன்று சீட்டு விற்பவர் நாளை நிலத்தையே விற்கத் துணிவார்.

அன்று ஏரிக்கரையில் கேட்ட சிறுவனுக்கு இன்று சொல்வேன்: "ஆம் தம்பி, நீ கேட்டது சரி. நீர் எல்லை பார்த்து ஓடுவதில்லை. கரையும் எல்லை பார்க்கக் கூடாது."