துருப்பிடித்த எஸ்கார்ட்டும் 8 புள்ளிகளும்: வீட்டில் கார் கட்டியவர்களின் வரலாறு

1957-ல் இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு விதமாக வாங்கலாம். தொழிற்சாலையில் முழுதாகப் பூட்டிய காராக வாங்கினால் 1,036 பவுண்டு. உதிரி பாகங்களாக வாங்கி, வீட்டு ஷெட்டில் நீங்களே பூட்டிக்கொண்டால் 536 பவுண்டு. இரண்டிலும் ஒரே சேஸிஸ், ஒரே ஃபோர்டு இஞ்சின். விலை மட்டும் ஏறக்குறைய பாதி.

இந்தத் தள்ளுபடியைக் கொடுத்தவர் லோட்டஸ் முதலாளி காலின் சாப்மன் என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். பெரும்பகுதியைக் கொடுத்தவர் பிரிட்டிஷ் நிதியமைச்சர். அவர் வேண்டுமென்று கொடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் கார் கட்டுவது என்றவுடன் பொழுதுபோகாத பணக்காரர் வேலை என்று நமக்குத் தோன்றும். வரலாற்றைப் பார்த்தால் நேர் எதிர். புது கார் வாங்க வக்கில்லாதவர்கள், ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் உருவாக்கிய கலாசாரம் இது. அது எப்படிப் பிறந்தது, எப்படித் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் டோனர் என்றால் என்ன?

உறுப்பு தானத்தில் டோனர் என்கிறோம் இல்லையா, அதே அர்த்தம்தான். ஒரு பழைய கார். பாடி போய்விட்டது, ஆனால் இஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் நன்றாக இருக்கிறது. அவற்றைக் கழற்றிப் புதிய சேஸிஸில் மாட்டினால் வேறொரு கார்.

நமக்கு இது புது யோசனை இல்லை. பழைய வீட்டை இடிக்கும்போது தேக்கு நிலை, கதவு, தூண், உத்தரம் எல்லாவற்றையும் பத்திரமாகக் கழற்றிப் புது வீட்டில் வைப்பவர்கள் நாம். சுவர் போனால் போகட்டும், மரம் நன்றாக இருக்கிறதே என்பதுதான் கணக்கு. டோனர் கார் கணக்கும் அதுவே.

இதற்கு இங்கிலாந்தில் கிடைத்த முதல் பெரிய டோனர் ஆஸ்டின் செவன். 1922-ல் அறிமுகமாகி 1939 வரை சுமார் 2,90,000 கார்கள் தயாரான குட்டி வண்டி. அதன் சேஸிஸ் ஆங்கில A எழுத்து வடிவில் இருக்கும். மேலே உள்ள பாடியை எடுத்துவிட்டாலும் கீழே இருப்பது தன்னால் ஓடும். ஆகவே பழைய ஆஸ்டின் செவனை வாங்கி, பாடியைக் கழற்றி எறிந்து, தகரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் ஒரு ரேஸ் கார் பாடி கட்டி ஓட்டுவது வழக்கமாயிற்று. இப்படிக் கட்டியதற்கு "ஸ்பெஷல்" என்று பெயர். இவற்றை ஓட்டிப் பார்ப்பதற்காகவே 1939-ல் 750 மோட்டார் கிளப் தொடங்கினார்கள். 750 என்பது அந்த இஞ்சினின் சி.சி.யை ஒட்டி வந்த பெயர்.

சாப்மனும் இந்த வழியில் வந்தவர்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பொறியியல் படிக்கும்போதே பழைய கார் வாங்கி விற்கும் தொழில் செய்தார். 1947-ல் அரசு பெட்ரோல் ரேஷனை நிறுத்தியதும் பழைய கார் சந்தை படுத்துவிட்டது. விற்காமல் கையில் தங்கிய ஒரு ஆஸ்டின் செவனை ஸ்பெஷலாக மாற்றினார். அதுதான் முதல் லோட்டஸ். இன்று உலகப் புகழ்பெற்ற ஒரு ரேஸ் கார் பெயரின் ஆதி ஒரு விற்காத சரக்கு!

வரியில் இருந்த சந்து

சரி, அந்த 500 பவுண்டு விஷயத்துக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல், பிரிட்டன் பர்சேஸ் டாக்ஸ் என்ற கொள்முதல் வரியைக் கொண்டுவந்தது. ஆடம்பரப் பொருளுக்கு அதிக வரி. போர் முடிந்தும் வரி முடியவில்லை. கார் மீதான வரி 1951-ல் மொத்த விலையில் மூன்றில் இரண்டு பங்காக ஏறியது. பிறகு 50 சதவீதம், 1955-ல் மறுபடி 60 சதவீதம் என்று ஏறி இறங்கியது.

இந்த வரி முழுதான காருக்குத்தான். உதிரி பாகங்களுக்குக் கிடையாது. அப்படியானால் ஒரு காரை மொத்தமாக உதிரி பாகமாகவே விற்றால்?

லோட்டஸ் செவனின் முழு விலையான 1,036 பவுண்டில் கிட்டத்தட்ட 346 பவுண்டு வரி. உதிரியாக வாங்கினால் அது மிச்சம். தொழிற்சாலை கூலி போன்றவையும் குறைந்து 536-க்கு இறங்கியது. 1952-ல் வந்த லோட்டஸ் மார்க் 6-லேயே இந்த வியாபார முறை தொடங்கிவிட்டது. அதில் சுமார் 100 கார்தான் விற்றார்கள். செவன் வந்தபிறகு அது ஓர் இயக்கமாகவே ஆனது.

நிபந்தனை ஒன்று உண்டு: வாங்குபவர்தான் பூட்ட வேண்டும். கம்பெனி பூட்டிக் கொடுத்தால் அது "தயாரிப்பு", வரி கட்ட வேண்டும். பூட்டும் முறையை விளக்கும் கையேடு கொடுத்தாலும் பிரச்சினை என்பதால், லோட்டஸ் "கழற்றும் முறை" கையேடு கொடுத்தது, வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டார் என்று ஒரு கதை கார் ரசிகர்களிடம் பிரபலம். கதை சுவையாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

செவன் என்ற கார் இதற்கென்றே பிறந்தது போல எளிமையானது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, மேலே அலுமினியத் தகடு. கதவு கிடையாது. முதல் மாடலில் 1,172 சி.சி. ஃபோர்டு இஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன். பின் ஆக்ஸில் நாஷ் மெட்ரோபாலிடன் என்ற காருடையது. சொந்தமாக லோட்டஸ் செய்தது கூடும் தகடும்தான். மற்றதெல்லாம் அடுத்தவர் கடைச் சரக்கு. என்னைப் போன்ற மென்பொருள் ஆட்களுக்கு இது பழக்கமான விஷயம். நாம் எழுதுவது ஆயிரம் வரி, இழுத்துப் போடுவது லட்சம் வரி லைப்ரரி.

1973 ஏப்ரல் 1-ல் பர்சேஸ் டாக்ஸ் போய் வாட் வரி வந்தது. வாட் உதிரி பாகத்துக்கும் உண்டு. ஆகவே பழைய லாபம் இல்லை. லோட்டஸ் விலை உயர்ந்த கார்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. செவன் தயாரிக்கும் உரிமையை அதே 1973-ல் கேட்டர்ஹாம் என்ற விற்பனை நிலையம் வாங்கிக்கொண்டது. அந்தக் கார் இன்றும் அதே உருவத்தில் கிடைக்கிறது, கிட்டாகவும் வாங்கலாம்.

துரு கொடுத்த இரண்டாவது வாழ்வு

வரி லாபம் போனதும் கிட் கார் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. காரணம் துரு.

பிரிட்டனில் குளிர்காலத்தில் ரோட்டில் ஐஸ் உறையாமல் இருக்க உப்பு கொட்டுவார்கள். உப்பு, ஈரம், 70-களின் சுமாரான பெயின்ட் மூன்றும் சேர்ந்து கார் பாடியைத் தின்றுவிடும். இன்னொரு பக்கம், 1960-ல் தொடங்கிய எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை 1967-லிருந்து மூன்று வயதான கார்களுக்கே கட்டாயமானது. பின்னாளில் அதில் துருவையும் பார்த்தார்கள். தாங்கும் பகுதியில் துரு என்றால் ஃபெயில். வெல்டிங் செலவு காரின் விலையைவிட அதிகம். ஆகவே இஞ்சின் கல்லுப்போல இருக்கும் ஆயிரக்கணக்கான கார்கள் குப்பைக்குப் போயின.

அதில் முக்கியமானது ஃபோர்டு எஸ்கார்ட். 1968-ல் முதல் மாடல், 1975 முதல் 1980 வரை இரண்டாம் மாடல். இஞ்சின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். செவன் மாதிரி காருக்குத் தேவையான அமைப்பு அப்படியே இருந்தது. தெருவுக்கு ஒன்று நின்றதால் பாகங்களும் மலிவு. டட்டன் போன்ற கம்பெனிகள் இதை நம்பியே ஆயிரக்கணக்கில் கிட் விற்றன.

இந்தக் கலாசாரத்தின் உச்சம் என்று நான் நினைப்பது 1996-ல் வந்த ஒரு புத்தகம். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ரான் சாம்பியன் எழுதியது. 250 பவுண்டில் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டுங்கள் என்பதுதான் தலைப்பின் சாரம். இதில் கம்பெனியே கிடையாது, கிட்டும் கிடையாது. சேஸிஸையும் நீங்களே செய்ய வேண்டும். ஒரு இஞ்ச் ஸ்கொயர் டியூப். நம்மூர் கேட், கிரில் பட்டறைகளில் சுவரோரம் சாத்தி வைத்திருப்பார்களே, அந்த வகைதான். தட்டையான பலகையில் அளவு வரைந்து, குழாய்களை வெட்டி அதன்மேல் வைத்துப் பற்றவைக்க வேண்டும். டோனர், சோதனையில் ஃபெயிலான ஒரு எஸ்கார்ட்.

இந்தக் கார்களுக்கு லோகாஸ்ட் என்று பெயர். லோட்டஸும் "லோ காஸ்ட்"டும் சேர்ந்த சிலேடை. புத்தகத்தில் வெட்டவேண்டிய நீளங்களில் சில பிழைகள் இருந்தன. கட்டியவர்கள் ஒருவருக்கொருவர் திருத்தங்களைச் சொல்லிக்கொண்டார்கள், வரைபடங்களை மேம்படுத்தினார்கள். ஓப்பன் சோர்ஸ் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதையேதான் இவர்கள் இரும்பில் செய்தார்கள். ஆஸ்டின் செவனுக்காகத் தொடங்கிய அதே 750 மோட்டார் கிளப், பிறகு லோகாஸ்ட் கார்களுக்கென்றே தனிப் பந்தயம் நடத்தியது.

இது எந்தக் கார்?

இப்போது ஒரு சட்டக் கேள்வி. எஸ்கார்ட்டின் இஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஸ்டியரிங் எல்லாம் புது சேஸிஸில் இருக்கிறது. இது பழைய எஸ்கார்ட்டா, புதிய காரா? நம்பர் பிளேட் எதற்குச் சொந்தம்?

கத்தியின் பிடியை மாற்றி, அலகையும் மாற்றினால் அது பழைய கத்தியா என்ற பழைய விவாதம்தான். ஆனால் வாகனப் பதிவு அலுவலகத்தில் தத்துவம் பேச முடியாது, குமாஸ்தாவுக்கு ஒரு கணக்கு வேண்டும். பிரிட்டனின் டி.வி.எல்.ஏ. நெடுங்காலம் பயன்படுத்திய கணக்கு இது: சேஸிஸுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இஞ்சினுக்கு வெறும் 1. மொத்தம் 14. பழைய எண்ணை வைத்துக்கொள்ளக் குறைந்தது 8 வேண்டியிருந்தது.

கூட்டிப் பாருங்கள். சேஸிஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்தால் 9 வருகிறது. பாஸ் என்று நினைப்போம். ஆனால் அந்த 8-ல் அசல் சேஸிஸோ, அதே மாதிரியான புதிய சேஸிஸோ இருந்தே ஆக வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. ஆக, உறுப்பெல்லாம் வாழ்ந்தாலும் எஸ்கார்ட் செத்ததுதான். நாம் "உயிர்" என்று நினைக்கும் இஞ்சினுக்கு இருப்பதிலேயே குறைந்த மதிப்பு என்பதையும் கவனியுங்கள். இஞ்சின் மாறும், எலும்புக்கூடுதான் அடையாளம் என்று சட்டம் முடிவு செய்திருக்கிறது.

இது வெறும் காகிதப் பிரச்சினை இல்லை. திருட்டுக் காருக்கு, நொறுங்கிப்போன ஒரு காரின் எண்ணையும் ஆவணத்தையும் மாட்டி விற்பது பழைய தொழில். அடையாளத்தை எளிதாக மாற்றவிட்டால் நாளைக்கு வாங்குபவர் ஏமாறுவார். அதனால்தான் மூலமே தெரியாத வண்டிக்கு 1983 முதல் Q என்று தொடங்கும் தனி எண் தருகிறார்கள். "இதன் பூர்வீகம் நிச்சயமில்லை" என்று வண்டியின் நெற்றியிலேயே எழுதியது போல.

அடுத்து பாதுகாப்பு. 1998 முதல் வீட்டில் கட்டிய ஒவ்வொரு காரும் தனித்தனியாக அரசுச் சோதனையில் தேற வேண்டும் என்றாகியது. 2009-ல் அது ஐ.வி.ஏ. என்ற இன்னும் கறாரான சோதனையானது. பிரேக், பெல்ட் மாட்டும் இடம், புகை, சத்தம், கண்ணாடி எல்லாம் பார்ப்பார்கள். ஒருவர் மேல் மோதினால் கிழிக்கக்கூடிய கூரான விளிம்பு இருக்கக்கூடாது, 2.5 மி.மீ. ஆரமாவது வளைந்திருக்க வேண்டும். தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை இருக்கலாம், தெருவில் நடப்பவர் உயிரை வைக்க உரிமை இல்லையே. எனக்கு இந்த விதிகளில் குறை தெரியவில்லை. ஆனால் 250 பவுண்டு கணக்கு அதோடு முடிந்தது.

மூடும் கதவு

எஸ்கார்ட்டுகளும் தீர்ந்தன. 1980-ல் வந்த மூன்றாம் மாடல் முன்சக்கர ஓட்டத்துக்கு மாறிவிட்டது. மிச்சமிருந்த பழையவை இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். யாரும் அதை இப்போது அறுக்கமாட்டார்கள். அடுத்து ஃபோர்டு சியரா டோனரானது. அதுவும் தீர, மஸ்டா எம்.எக்ஸ்-5 வந்தது. அதன் பக்கவாட்டு அடிப்பகுதியும் துருப்பிடிக்கும். அந்த வகையில் பாரம்பரியம் தொடர்கிறது.

ஆனால் வரியும் சட்டமும் செய்யாததைக் கடைசியில் எங்கள் தொழில் செய்துவிடும் போலிருக்கிறது. எஸ்கார்ட் இஞ்சினுக்குத் தேவை பெட்ரோல், காற்று, 12 வோல்ட். எந்தக் காரில் இருக்கிறோம் என்று அது கேட்காது. இன்றைய காரில் இஞ்சின் கம்ப்யூட்டர், சாவியில் உள்ள சிப், பிரேக் கம்ப்யூட்டர், டாஷ்போர்டு எல்லாம் ஒன்றோடொன்று பேசுகின்றன. தெரிந்த முகம் இல்லையென்றால் இஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. போல்ட்டைக் கழற்றி மாட்டினால் மட்டும் போதாது, தான் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறோம் என்று அந்த இஞ்சினை நம்பவைக்க வேண்டும்.

திருட்டைத் தடுக்கவும் புகையைக் குறைக்கவும் செய்த ஏற்பாடுகள்தான் இவை. ஆனாலும் 1948-ல் ஒரு மாணவர் விற்காத காரைப் பிரித்துப் புதிதாக ஒன்று செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்தக் காரைச் செய்தவர் அனுமதி அவருக்குத் தேவைப்படவில்லை என்பதுதான். இன்று ஷெட்டில் ஸ்பேனரோடு நிற்பவருக்கு வரி அதிகாரியையும் சோதனை அதிகாரியையும் சமாளிக்கும் வழி தெரியும். கார் கம்பெனியின் பாஸ்வேர்டை எங்கே வாங்குவது என்பதுதான் அவருக்கு இன்னும் யாரும் சொல்லாத விஷயம்.